மினுங்காத இரண்டு டாலர்

டார்ச்சின் வெளிச்சம் கண்ணாடிச் சட்டத்தின் மேல் சாய்வாக விழுந்தது. இப்போது மினுங்கும் பாருங்கள் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு மார்லா க்ரைடர் காத்திருந்தாள். மினுங்கவில்லை.

கோணம் சரியில்லை என்று நினைத்து டார்ச்சை இன்னும் தாழ்த்தினாள். இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பு ஃபிலடெல்ஃபியாவில் அச்சடித்த இரண்டு டாலர் நோட்டு அது. அதற்கான காகிதக் கூழைக் காய்ச்சியபோதே அப்பிரகத்தைப் பொடித்துக் கலந்திருந்தார்கள். மணலில் கிடந்து பளபளக்குமே, அதே காக்காய்ப்பொன்தான். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் அங்கங்கே ஊசிமுனை அளவுக்குச் சுடர்கள் கிளம்பும். கள்ளநோட்டு அடிக்கிறவனுக்கு அச்சுக்கட்டை கிடைத்தாலும் அந்தக் காகிதம் கிடைக்காது. இதை இப்போதுதான் கூட்டத்திடம் ரசித்து ரசித்துச் சொல்லி முடித்திருந்தாள்.

சட்டத்துக்குள் இருந்த நோட்டு மங்கலாகக் கிடந்தது. டார்ச்சைச் சுற்றிச் சுற்றிக் காட்டியும் ஒரு பொட்டு ஒளிகூட இல்லை.

முதல் வரிசையில் எல்வுட் ஹெக்மேன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோட்டு அவருடையது. சுதந்திரப் போரில் படைக்கு வண்டி ஓட்டிய அவருடைய மூதாதை ஒருவருக்குக் கூலியாக வந்தது. செலவழிப்பதற்குள் அதன் மதிப்பு செத்துவிட்டதால் வீட்டோடு தங்கிவிட்டது. ஹெக்மேன் குடும்பத்து பைபிளை விட்டு அது வெளியே வருவது இதுதான் முதல் தடவை. ரைபர்க் வரலாற்றுச் சங்கத்தின் சுவரில் ஊரெல்லாம் பார்க்க அதை நிரந்தரமாக மாட்டலாமா என்று மார்லா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு நாள் கொடுக்கிறேன், பத்திரமாகத் திரும்பி வந்தால் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார் எல்வுட். மார்லா கைகொடுத்து வாக்குக் கொடுத்திருந்தாள்.

“பேட்டரி தீர்ந்துபோச்சா?” என்று பின்வரிசையில் யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

“கண்ணாடி வழியா சரியாத் தெரியல” என்றாள் மார்லா. குரல் எப்படியோ சாதாரணமாக வந்துவிட்டது.

கண்ணாடியில் குற்றமில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சட்டத்துக்குள் இருந்தது அவள் கையாலேயே செய்த நகல்.

நகல்களை மார்லா அவ்வளவு ஆசையாகச் செய்திருந்தாள். கடைகளில் விற்கிற மொறமொறப்பான மஞ்சள் காகித நோட்டுகள் அவளுக்குப் பிடிக்காது. பருத்திக் கந்தலில் செய்த காகிதத்தை வரவழைத்தாள். முன்பக்கத்தில் கதிரடிக்கும் கையும் பின்பக்கத்தில் இலைகளும் கச்சிதமாகப் பொருந்தும்படி இருபுறமும் அச்செடுத்தாள். தேநீரில் நனைத்துக் காயவைத்தாள். ஹெக்மேன் நோட்டு எப்போதோ நடுவில் கிழிந்து நூலால் தைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் கிழிந்த பணத்தை யாரும் தூக்கிப் போடவில்லை. தைத்தோ குண்டூசி குத்தியோ அடுத்தவர் கையில் தள்ளிவிட்டார்கள். அதை ஜனங்கள் விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நகலையும் நடுவில் கிழித்து, ஊசி நூல் எடுத்து, அசல் நோட்டில் இருந்த மாதிரியே கோணல் தையல் போட்டாள்.

நேற்று அந்தத் தையலை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அசலை உறையிலிருந்து எடுத்துச் சமையலறை மேஜை மேல் கிடந்த பலகையின் இடது ஓரத்தில் வைத்தாள். நகல்கள் வலப்பக்கம். நடுவில் தன் நிழல் தையலின் மேல் விழுந்தது என்று பலகையை அப்படியே அரைவட்டம் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து டாட்டி ஷேஃபர் மைப்பெட்டியோடு வந்து நின்றாள். டாட்டி சங்கத்தின் தலைவி; சட்டம் என்றால் சட்டம் என்று நிற்கிறவள். நகல் நோட்டு எதுவானாலும் அதன் மேல் ‘நகல்’ என்று குறி இருக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம். குறி அழகைக் கெடுக்கும் என்று மார்லா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததால் டாட்டியே முத்திரைக்கட்டை செய்து கொண்டுவந்துவிட்டாள். அசலில் மை பட்டுவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் மார்லா இடது ஓரத்தில் இருந்ததை எடுத்துச் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டினாள். மிச்சத்தையெல்லாம் டாட்டி வரிசையாகப் பின்பக்கம் திருப்பிக் குத்தினாள்.

பலகையைத் திருப்பியதை மார்லா மறந்திருந்தாள். அவள் காப்பாற்றிய நோட்டு ஒரு நகல். அதனாலேயே குறி படாமல் தப்பிய ஒரே நகலும் அதுதான்.

அசல் இப்போது இந்தத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் யார் கையிலோ இருந்தது. டாட்டி எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தபோது, வீட்டுக்கு எடுத்துப் போங்கள், உங்களுக்குத்தான் என்று ஆரம்பத்திலேயே மார்லா சொல்லியிருந்தாள்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கூடத்தின் மறுபக்கம் தீயணைப்புக்காரர்கள் நிதிக்காகச் சிக்கன் சோளச் சூப் விற்றுக்கொண்டிருந்தார்கள்; பாதிப் பேர் மடியில் சூப் கிண்ணம். ஒருவர் நோட்டின் மேல் கிண்ணத்தை வைத்திருந்தார். ஒரு பெண் நோட்டை விசிறியாக மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு கிழவர் அதைச் சுருட்டிக் காது குடைய யோசித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போயிற்று. பின்பக்கத்து இலைகளைப் பற்றிச் சொன்னாள். நிஜ இலையை ஈரத்துணியில் பரப்பி, சுண்ணக் குழம்பில் பதித்து, அந்த அச்சில் ஈயத்தை ஊற்றிக் கட்டை செய்தார்கள். இலை நரம்பு தடிமனாகத் தொடங்கி மயிரிழையாக முடிகிற அந்தச் சரிவை எந்தச் செதுக்குக்காரனாலும் பார்த்துச் செதுக்க முடியாது. சொல்லிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். இலையைக் காட்டுகிற சாக்கில் ஒவ்வொருவர் கையிலிருந்ததையும் வாங்கித் தடவினாள். கெட்டியாக இருந்தது. அடுத்தது, அதுவும் கெட்டி. அசல் பழைய கைக்குட்டை போலத் துவண்டிருக்கும். விரலுக்கு அது தெரியும். ஆனால் இத்தனை பேர் நோட்டையும் எப்போது தடவி முடிப்பது?

நோட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள், ஏதாவது மினுங்குகிறதா என்று விளையாட்டுப் போலக் கேட்டாள்.

“என்னோடது நல்லா மினுங்குது” என்றார் காது குடையப் போன கிழவர். “சூப்புல இருந்த வெண்ணெய்.”

சிரிப்பு எழுந்தது. எல்வுட் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தைத் திருப்பி மார்லாவைப் பார்த்தார். பிறகு மேடையில் தனியாக நின்ற சட்டத்தைப் பார்த்தார். பேச்சு நடக்கும்போது அவள் சட்டத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

மார்லா வாசலை ஒட்டிய புத்தக மேஜைக்குப் போனாள். சங்கம் வெளியிட்ட ஊர் வரலாறுகளை அடுக்கிவைத்துக்கொண்டு டாட்டி அங்கே நின்றிருந்தாள். பேச்சை நிறுத்தாமல் குனிந்து, யாரையும் வெளியே விடாதே என்று மார்லா முணுமுணுத்தாள்.

“ஏண்டி? உன் பேச்சு அவ்வளவு மோசமா?”

“அசல் கூட்டத்துல இருக்கு, டாட்டி. சட்டத்துல இருக்கறது நகல்.”

டாட்டியின் நினைப்பு மார்லாவின் நினைப்பு இன்னும் போகாத இடத்துக்கு நேராகப் போனது. “அப்ப நான் அது மேல குத்திட்டேனா?” என்றாள்.

தொலைந்ததைத் தேடுகிற பதற்றத்தில் முத்திரையை மார்லா யோசிக்கவே இல்லை. டாட்டியின் மை எண்ணெய் மை, சிவப்பு. கந்தல் காகிதம் அதைத் தண்ணீர் குடிக்கிற மாதிரிக் குடித்திருக்கும்.

நடுவரிசையில் ஒரு தம்பதி எழுந்து கோட்டு மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்த மனைவி நோட்டைக் கைப்பையில் போட்டாள்.

மார்லாவுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. பேசாமல் தேடலாம், தேடுவதற்குள் பாதிக் கூட்டம் வண்டியேறிப் போய்விடும். அல்லது சொல்லலாம். சொன்னால் எல்வுட்டுக்குத் தெரிந்துவிடும். கெட்ட எண்ணம் உள்ளவன் ஒருவன் இருந்தால் நோட்டு அவன் சட்டைக்குள் போய்விடும். அந்தக் காலத்தில் கள்ளநோட்டைப் பிடித்தது எந்த அதிகாரியும் இல்லை என்று கொஞ்ச நேரம் முன்புதான் இதே கூட்டத்திடம் விளக்கியிருந்தாள். எதிரி நாடு கப்பல் கப்பலாகக் கள்ளநோட்டை இறக்கியபோது மாவு விற்றவனும் குதிரை லாயக்காரனும் சாராயக்கடைக்காரியும்தான் வாங்குகிற ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அந்தக் கைகள் பார்த்திருக்காவிட்டால் அந்தப் பணம் அத்தனை நாள்கூட ஓடியிருக்காது. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் உக்காருங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். சட்டத்துக்குள்ள இருக்கறது நான் செஞ்ச நகல். மிஸ்டர் ஹெக்மேனோட அசல் நோட்டு உங்கள்ல யார் கையிலயோ இருக்கு.”

கரண்டிகள் நின்றன. கோட்டு மாட்டியவர்கள் பாதிக் கை நுழைந்தபடி நின்றார்கள்.

எல்வுட் எழுந்தார். மார்லாவிடம் வரவில்லை. மேடைக்குப் போய்ச் சட்டத்தைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இதையா நான் இவ்வளவு நேரம் பெருமையாப் பாத்துக்கிட்டிருந்தேன்?” என்றார்.

மார்லா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். அவர்களிடம் சொல்ல நிறைய இருந்தது. போன் டார்ச்சைப் போடுங்கள்; மேலிருந்து காட்டாதீர்கள், தாளை மேஜையில் கிடப்பது போலப் படுக்கையாகப் பிடித்து ஓரத்திலிருந்து காட்டுங்கள்; வெண்ணெய் பட்ட இடம் பரவலாகப் பளபளக்கும், அப்பிரகம் புள்ளி புள்ளியாகச் சுடரும்; அங்கங்கே மெல்லிய நீல இழைகளும் தெரியும். நிதானமாகச் சொன்னாள். அவசரப்பட்டு ஒரு சொல்லை விட்டாலும் யாரோ ஒருவர் தப்பாகப் பார்த்துவிட்டு இல்லை என்று வைத்துவிடுவார்கள்.

கூடமெங்கும் சின்னச் சின்ன வெளிச்சங்கள் எரிந்தன. விசிறிக்காரி விசிறியைப் பிரித்து நீவினாள். கிண்ணத்துக்கு அடியிலிருந்து நோட்டை இழுத்தவர் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கைப்பைக்குள் போனது வெளியே வந்தது. சூப் அண்டாவை மூடிவிட்டுத் தீயணைப்புக்காரர்களும் வந்து குனிந்து பார்த்தார்கள். இல்லை என்று ஒருவர் சொன்னார். இல்லை. இதுவும் இல்லை. அந்தச் சொல் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு நகர்ந்து போயிற்று.

கடைசி வரிசையும் முடிந்தது. எந்த நோட்டும் மினுங்கவில்லை.

ஒன்று, ஏற்கெனவே யாரோ எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்க வேண்டும். அல்லது இந்த முகங்களில் ஒன்று பொய் சொல்கிறது. மார்லா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்படிப் பார்ப்பதற்கு அவளுக்கே கூச்சமாக இருந்தது. எல்வுட் சட்டத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

அப்போது கடைசி வரிசை ஓரத்தில் ஒரு பெண் கையை உயர்த்தினாள். ஜனைன் பாயர் என்று பெயர் சொன்னாள். பக்கத்து ஊர், சூப்புக்கு வந்தவள், கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு முதல்ல கிடைச்சது ரொம்பக் கேவலமா இருந்துச்சு” என்றாள். “துவண்டு, அழுக்கா, நூலெல்லாம் பிரிஞ்சு. மத்தவங்களுக்கெல்லாம் நல்லதா வந்திருக்கேன்னு அந்த அம்மாகிட்டக் குடுத்து மாத்திக்கிட்டேன்.”

கூடமே டாட்டியைத் திரும்பிப் பார்த்தது.

ஆமாம், மாற்றிக் கொடுத்தேன் என்றாள் டாட்டி மெதுவாக. இலவசமாகக் கொடுப்பதில்கூட நொட்டையா என்று திட்டிக்கொண்டே கொடுத்தாளாம். பழையதை என்ன செய்தாய் என்று மார்லா கேட்டாள். டாட்டி குனிந்து மேஜைக் காலைப் பார்த்தாள்.

புத்தக மேஜையின் ஒரு கால் குட்டை. கூட்டம் தொடங்கும்போது அது ஆடிக்கொண்டிருந்ததும், பிறகு ஆட்டம் நின்றதும் இப்போதுதான் மார்லாவின் நினைவுக்கு வந்தது. நான்காக மடித்த தாள் ஒன்று இரும்புக் காலுக்கு அடியில், அத்தனை புத்தகங்களின் கனத்தோடு, இருந்தது.

பிடித்து இழுத்துவிடப் போகிறார்கள் என்று பயந்து மார்லா குரலை உயர்த்தினாள். இழுத்தால் தையல் விட்டுவிடும். யாரும் தொடாதீர்கள், மேஜையை நேராக மேலே தூக்குங்கள், சாய்க்காமல். தீயணைப்புக்காரர்கள் நான்கு மூலையிலும் பிடித்தார்கள். அவர்களுக்கு அந்த மாதிரித் தூக்கத் தெரியும். மேஜை ஆட்டமே இல்லாமல் எழுந்தது. மார்லா முழங்காலிட்டு, விரல் நகத்தை அடியில் கொடுத்து, அதைத் தரையிலிருந்து பிரித்தாள்.

கையில் எடுத்த கணமே தெரிந்துவிட்டது. துணிபோல இருந்தது. வாழ்நாளில் பல தடவை மடிக்கப்பட்ட தாள் அது. டாட்டியும் தெரியாமல் பழைய மடிப்பிலேயே மடித்திருந்தாள். கோணல் தையல் பிரிந்த இடத்தில் பிரிந்தே இருந்தது, புதிதாக எதுவும் கிழியவில்லை. யாரோ பக்கத்திலிருந்து வெளிச்சம் காட்டினார்கள். கதிரடிக்கும் கையைச் சுற்றிலும் சுடர்கள் எழுந்தன.

மார்லா அதைத் திருப்பினாள். தன் உடம்பால் மறைத்துக்கொண்டுதான் திருப்பினாள். இலையின் அகன்ற பக்கத்தில், நரம்புகளின் குறுக்கே, சிவப்பாக, தெளிவாக: ‘நகல்’.

அவளையும் டாட்டியையும் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. சட்டத்தில் முன்பக்கம்தான் தெரியும். பூட்டிக் கையில் கொடுத்துவிட்டால் எல்வுட் அதைத் திருப்பிப் பார்க்க வருடங்கள் ஆகலாம், பார்க்காமலே போகலாம். டாட்டி அவள் முகத்தையே பார்த்தாள்.

மார்லா எழுந்து எல்வுட்டிடம் நடந்து போனாள். நோட்டைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார்.

“இது போகுமா?”

“போகாது, மிஸ்டர் ஹெக்மேன். தேர்ந்தவங்க கையில கொடுத்தா கொஞ்சம் மங்கவைக்கலாம். அதுக்குப் போட்டுக் கழுவுற மருந்து இலையையும் மங்கவைக்கும். நான்னா தொட விடமாட்டேன்.” பிறகு, கேட்காமலே, பலகையைத் திருப்பியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாட்டி மேல் தப்பில்லை, குறி போடச் சொன்னது சட்டம், அசலை எடுத்து வைக்க வேண்டியது நான் என்றாள்.

எல்வுட் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “எங்க வீட்ல எத்தனையோ தலைமுறை வச்சிருந்தாங்க. உங்கிட்ட ஒரே ஒரு நாள்தான் குடுத்தேன்” என்றார்.

உரக்கச் சொல்லவில்லை. முதல் இரண்டு வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். மார்லா தலையைக் குனியவில்லை. குனிந்தால் அது மன்னிப்புக் கேட்பது போல் ஆகிவிடும், மன்னிப்புக் கேட்கிற உரிமை தனக்கு இன்னும் வரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஜனைன் பாயர் கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்து எட்டி நின்றாள். “அதை நான் ஒரு தடவை பாக்கலாமா?” என்று எல்வுட்டிடம் கேட்டாள். “கையில இருந்தப்ப சரியாப் பாக்கல.”

எல்வுட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் மார்லா நினைத்தாள். அவர் நோட்டைக் கொடுக்கவில்லை. ஆனால் இரு கை விரல்நுனிகளாலும் அதன் ஓரங்களைப் பிடித்துப் படுக்கையாக நீட்டினார். ஜனைன் தன் போன் வெளிச்சத்தை ஓரத்திலிருந்து காட்டினாள். அவள் முகம் மாறியது. அவளுக்குப் பின்னால் விசிறிக்காரி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கோட்டு மாட்டிய தம்பதி. வரிசை சூப் அண்டா வரை நீண்டது.

“நீ சொல்லு” என்றார் எல்வுட், மார்லாவைப் பார்க்காமல். “அதுக்குத்தானே கூட்டம் போட்ட. அந்தச் சிவப்பையும் சேத்துச் சொல்லு.”

அவள் சொன்னாள். வந்த ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள்: கூழில் கலந்த அப்பிரகம், நீல இழை, இலையின் நரம்பு, யாரோ உட்கார்ந்து போட்ட கோணல் தையல். பிறகு எல்வுட் நோட்டைத் திருப்புவார். இந்த வார்த்தை நேற்று வந்தது, அது பொய், அதைப் போட விட்டது நான் என்று சொன்னாள். முதல் ஆளிடம் அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை தொடங்க வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அந்த வாக்கியமும் மற்ற வாக்கியங்களோடு சேர்ந்து நின்றது. சிலர் இன்னும் தெளிவாகக் கேட்டார்கள். பலகையை எப்படித் திருப்பினாள் என்று கையால் காட்டச் சொன்னார்கள். காட்டினாள்.

வரிசை தீர்ந்தது. எல்வுட் நோட்டை உறைக்குள் நுழைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். சட்டத்தைத் தொடவில்லை.

“திங்கக்கிழமை வரமாட்டேன்” என்றார்.

சரி என்றாள் மார்லா.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். கதவைத் தள்ளியபடி நின்றார்.

“அடுத்த கூட்டம் எப்பன்னு சொல்லி அனுப்பு. நோட்ட நானே எடுத்துட்டு வரேன், என் கையிலதான் இருக்கும். நீ டார்ச் மட்டும் பிடி.”